நடந்தால் இழுக்கும் கால், உட்கார்ந்தால் தீரும் வலி



கீழே வரும் பேச்சு உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம்.

"என்னங்க, கொஞ்சம் நில்லுங்க. ரெண்டு காலும் மரத்துப் போவுது. அந்தத் திண்ணையிலே குந்திட்டு வரேன்."

"காலையிலேர்ந்து குனிஞ்சி நடவு நட்டியே, அப்பல்லாம் வலிக்கலை. ரேஷன் கடைக்கு நடக்கச் சொன்னா மட்டும் வலி வந்துடுதா?"

வேறு சில வீடுகளில் இதே பேச்சு ஆள் மாறி நடக்கும். கணவர் சைக்கிளில் வில்லியனூர் வரைக்கும் போய் வருவார். நடந்து தெருமுனைக்குப் போனால் பாதி வழியில் யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்துவிடுவார். "சைக்கிள் மிதிக்கிற காலுக்கு நடக்க மட்டும் கசக்குதா?" என்று மனைவி கேட்பார்.

இரண்டு வீட்டிலும் வலி உண்மைதான். இந்த நோயின் குணமே அப்படி. குனிந்தால் வலி இல்லை, உட்கார்ந்தால் வலி இல்லை, நிமிர்ந்து நின்றாலும் நடந்தாலும் வலி. அதனால் பார்க்கிறவர்களுக்கு நடிப்பு மாதிரித் தெரிகிறது. நடுவயதுப் பெண்ணாக இருந்தால் "வேலைக்குக் கள்ளம்" என்று பெயர் வரும். வயதானவராக இருந்தால் "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இதற்கு டாக்டர்கள் ஸ்டெனோசிஸ் என்று சீட்டில் எழுதுவார்கள். முதுகுத் தண்டுக் கால்வாய் குறுகிப் போவது என்று பொருள். இதற்கு வைத்தியம் உண்டு. தேவைப்பட்டால் ஆபரேஷனும் உண்டு. ஆனால் பக்கத்தில் இருக்கிறவர் முதலில் அந்த வலியை நம்ப வேண்டும்.

குனிந்தால் ஏன் வலிப்பதில்லை?

நம் முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. வளையம் வளையமாகப் பல எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கின்றன. அந்த வளையங்களின் நடுவே ஒரு கால்வாய் ஓடுகிறது. மூளையிலிருந்து வரும் தண்டுவடம் அதன் வழியாகத்தான் இறங்குகிறது. இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாம் எலும்பு மட்டத்தில் தண்டுவடம் முடிந்துவிடும். அதற்குக் கீழே கால், சிறுநீர்ப்பை, ஆசனவாய் ஆகியவற்றுக்குப் போகும் நரம்புகள் கொத்தாகத் தொங்குகின்றன. பார்ப்பதற்குக் குதிரை வால் போல இருப்பதால் மருத்துவர்கள் அதற்குக் குதிரை வால் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

பாகூர்ப் பக்கத்து மக்களுக்குப் பங்காரு வாய்க்காலைச் சொன்னால் சட்டென்று விளங்கும். கரை சரிந்து, மண் மேவி, கோரை மண்டினால் வாய்க்கால் இருந்தும் ஏரிக்குத் தண்ணீர் வராது. முதுகுக் கால்வாயும் அப்படித்தான் தூர்கிறது. வயதாக ஆக எலும்புகளுக்கு நடுவில் உள்ள ஜவ்வு தேய்ந்து பின்பக்கம் பிதுங்குகிறது. பக்கத்து மூட்டுகள் வீங்கிப் பெருக்கின்றன. கால்வாயின் பின்சுவரில் உள்ள மஞ்சள் நிறத் தசைநார் தடித்துப்போகிறது. மூன்று பக்கமும் நெருக்கினால் நடுவில் உள்ள நரம்புக்கு மூச்சு முட்டும். இடுப்புக் கால்வாய் முன்பின்னாகப் 10 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் நல்ல குறுகல் என்று கணக்கு.

நாம் நிமிர்ந்து நிற்கும்போது அந்தத் தசைநார் மடிந்து உள்ளே தள்ளுகிறது, கால்வாய் இன்னும் குறுகுகிறது. குனிந்தால் தசைநார் இழுபட்டு விறைப்பாகி, கால்வாய் கொஞ்சம் அகலப்படுகிறது. நடவு நடும்போது வலிக்காமல் வரப்பில் நிமிர்ந்து நடந்து வரும்போது வலிப்பது இதனால்தான். சைக்கிளில் முன்னால் சாய்ந்து மிதிக்கும்போது வலிக்காததும் இதனால்தான். இந்த நோய் உள்ளவர்கள் தங்களை அறியாமலே கூன் போட்டு நடக்கப் பழகிவிடுவதைக் கவனித்துப் பாருங்கள்.

இதை ஒரு தனி நோயாக உலகுக்கு எடுத்துக் காட்டியவர் ஹாலந்து நாட்டின் உத்ரெக்ட் நகரத்து நரம்பு அறுவை மருத்துவர் ஹெங்க் வெர்பீஸ்ட். 1949-ல் பிரெஞ்சு மொழியில் எழுதினார். 1954-ல் ஆங்கிலத்தில் எழுதிய பிறகுதான் உலகம் கவனித்தது. புதுவை பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவோடு சேர்ந்ததும் அதே 1954-ல்தான். நின்றாலும் நடந்தாலும் கால் வலிக்கிறது, உட்கார்ந்தால் போய்விடுகிறது என்று சொன்ன நோயாளிகளின் வார்த்தையை அவர் நம்பினார். கால்வாயின் பின்கூரையை எடுத்துவிட்டுப் பார்த்தார், நடந்தார்கள். அதற்கு முன்பு இவர்களில் எத்தனை பேரைச் சோம்பேறி என்று சொல்லியிருப்பார்களோ!

யாருக்கு வருகிறது?

பெரும்பாலும் 50, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வரும். பிறவியிலேயே கால்வாய் சிறுத்தவர்களுக்கு 40-லும் வரலாம். ஒரு எலும்பு மற்றொன்றின்மேல் முன்பக்கம் நழுவினாலும் கால்வாய் குறுகும். இந்த நழுவல் பெண்களுக்குத்தான் அதிகம். குடிதண்ணீரில் புளோரைடு உப்பு மிகுந்த ஊர்களில் எலும்பும் தசைநாரும் கெட்டிப்பட்டுக் கால்வாய் அடைபடுவதும் உண்டு. 1937-ல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்தப் புளோரைடு நோய் கண்டறியப்பட்டது. இன்றும் தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துத் தண்ணீரில் இந்தத் தொல்லை உண்டு.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட வேண்டும். "சிசேரியனுக்கு முதுகிலே ஊசி போட்டாங்க, அன்னைக்குப் பிடிச்ச இடுப்பு வலி", "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டதிலேர்ந்து இடுப்பு போச்சு" என்று சொல்லாத பெண்கள் குறைவு. மரத்துப்போக ஊசி போடுவது தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே. ஊசியும் மெல்லியது. குத்திய இடம் சில நாள் வலிக்கலாம், ஆயுளுக்கும் வலிக்காது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனில் வயிற்றுப் பக்கம் கருக்குழாயைத்தான் கட்டுகிறார்கள். முதுகுக் கால்வாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிள்ளைப்பேறு, குழந்தையை இடுப்பில் தூக்குவது, குடம் சுமப்பது, சரியான சாப்பாடு இல்லாதது, இவையெல்லாம் அதே வருஷங்களில்தான் வருகின்றன. பழி மட்டும் ஊசிமேல் விழுகிறது. இந்தப் பயத்தை மனதில் வைத்துக்கொண்டு, முதுகு என்றாலே ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

எல்லாக் கால் வலியும் இதுவா?

இல்லை. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்குக் காலில் இரத்தக் குழாய் அடைபட்டாலும் நடக்கும்போது கெண்டைக்கால் இழுக்கும். அவர்கள் சும்மா நின்றாலே வலி அடங்கிவிடும், உட்காரத் தேவையில்லை. சைக்கிள் மிதித்தாலும் வலிக்கும். கால்வாய் குறுகியவர்களுக்கு நின்றால் அடங்காது. உட்கார வேண்டும், அல்லது சுவரிலோ சைக்கிள் கைப்பிடியிலோ முன்பக்கம் சாய வேண்டும். சர்க்கரை நோயில் வரும் எரிச்சல் நடந்தாலும் நடக்காவிட்டாலும் இருக்கும், பாதத்தில் தொடங்கும், ராத்திரியில் அதிகமாகும். ஒருவருக்கே இரண்டு நோயும் இருக்கலாம் என்பதால் முடிவு சொல்ல வேண்டியது டாக்டர்தான்.

டாக்டரிடம் போகுமுன் வீட்டிலேயே ஒரு கணக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் மின்கம்பங்கள் வரிசையாக இருக்கின்றன. வீட்டிலிருந்து எத்தனையாவது கம்பத்தில் கால் மரக்கிறது? எவ்வளவு நேரம் உட்கார்ந்தால் தீருகிறது? ஒரு வாரம் பார்த்து எழுதிவையுங்கள். எழுதுவது வலிக்கிறவர் அல்ல, கூட நடக்கிறவர். போன தீபாவளிக்குப் பத்துக் கம்பம் நடந்தவர் இந்தப் பொங்கலுக்கு நான்கு கம்பம்தான் நடக்கிறார் என்று சொன்னால், டாக்டருக்கு ஸ்கேன் படத்தைவிட அது அதிகம் சொல்லும்.

அவசரம் எது?

இந்த நோய் மெதுவாக நகரும், பெரும்பாலும் அவசரம் இல்லை. ஆனால் கீழே சொல்வதில் ஒன்று வந்தாலும் ஒரு நாள் கூடத் தள்ளக் கூடாது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமலே கசிவது. மலம் அடக்க முடியாமல் போவது. உட்காருமிடமும் தொடை இடுக்கும் மரத்துப்போய், கழுவும்போது தண்ணீர் படுவதே தெரியாமல் இருப்பது. கால் பாதம் தொங்கிப்போவது, இரண்டு காலும் திடீரென்று பலம் இழப்பது. குதிரை வால் நரம்புகள் நசுங்குகின்றன என்பதற்கு இவை அடையாளம். பல மருத்துவர்கள் 48 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை எடுக்க வேண்டும் என்கிறார்கள். அதற்குள்ளும் முன்னதாக எடுத்தால் நல்லது. தாமதித்தால் நடை திரும்பினாலும் சிறுநீர் அடக்கம் திரும்பாமல் போகலாம். 108-க்குச் சொல்லி நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க.

பெண்கள் இதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். "பாவாடை நனைஞ்சிபோச்சு" என்று யாரிடம் சொல்வது என்று நாலு நாள் மறைக்கிறார்கள். அந்த நாலு நாளில் நரம்பு போய்விடும். கணவர் தானாகக் கேட்க வேண்டிய கேள்வி இது.

எங்கே போவது, என்ன செய்வார்கள்?

முதலில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து தேவைப்பட்டால் எழுதிக் கொடுப்பார்கள். புதுவைக்குப் பெரிய ஆஸ்பத்திரி புதிதல்ல. பிரெஞ்சுக்காரர்கள் 1823-லேயே இங்கே மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். 1956-ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி வந்தது. 1964-ல் அது ஜிப்மர் ஆயிற்று. நரம்பு அறுவைச் சிகிச்சை தென்னாட்டில் வேலூரில் 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி காலத்திலும், சென்னைப் பொது மருத்துவமனையில் 1950-ல் டாக்டர் பி. ராமமூர்த்தி காலத்திலும் தொடங்கியது. இன்று கோரிமேடு ஜிப்மரிலேயே நரம்பு அறுவைப் பிரிவும் எலும்புப் பிரிவும் இருக்கின்றன.

டாக்டர் நடக்கவிட்டுப் பார்ப்பார், காலைத் தூக்கச் சொல்வார், பாதத்தில் நாடி பார்ப்பார். எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம். எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து நீங்களே பயந்துவிடக் கூடாது. 1990-ல் அமெரிக்காவில் முதுகு வலியே வராதவர்களை எடுத்துப் பார்த்தபோது, 60 வயது தாண்டியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கால்வாய் குறுகி இருந்தது. அவர்களுக்கு வலியே இல்லை! ஆகவே படத்துக்கு ஆபரேஷன் செய்வதில்லை. ஆளுக்கும் படத்துக்கும் பொருந்தினால்தான் செய்வது.

கத்தி இல்லாமல் முதலில் பார்ப்பார்கள். வலி மாத்திரை, முன்பக்கம் குனியும் பயிற்சி, வயிற்றுத் தசைக்கும் தொடைக்கும் பலம் சேர்க்கும் பயிற்சி, உடல் எடையைக் குறைப்பது, ஒரு கைத்தடி. முதுகில் மருந்து ஊசி போடுவதும் உண்டு. அதில் பலருக்குச் சில வாரம் சுகம் கிடைக்கும், நிலைத்த பலன் குறைவு. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சர்க்கரை ஏறும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எண்ணெய் தேய்த்து மெல்ல நீவுவதில் குற்றம் இல்லை. ஆனால் குப்புறப் படுக்கவைத்து முதுகை மிதிக்கச் சொல்வது, காலால் பிறந்தவரைக் கூப்பிட்டு உதைக்கச் சொல்வது, இடுப்பைத் திருகி நெட்டி எடுப்பது எல்லாம் வேண்டாம். குறுகிய கால்வாயில் நரம்பு ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கிறது.

ஆபரேஷன் செய்துகொள்வதா, வேண்டாமா?

இதை முடிவு செய்ய வேண்டியது நீங்கள் இருவரும். டாக்டர் வழி சொல்வார். மாமியார், மாமனார், பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் கருத்துச் சொல்வார்கள். வலிப்பது யாருக்கு என்பதை மறந்துவிடாதீர்கள். மனைவிக்கு ஆபரேஷன் என்றால் கையெழுத்துப் போட வேண்டியவர் மனைவிதான். புருஷன் வந்து போடுவார் என்று காகிதத்தைத் தள்ளிவைக்க வேண்டாம்.

சில ஆராய்ச்சிகளைச் சொன்னால் உங்களுக்கு உதவும். 2008-ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆராய்ச்சியில், ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இரண்டு வருஷத்தில் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். செய்துகொள்ளாதவர்களும் பெரிதாகக் கெட்டுவிடவில்லை. 2015-ல் இன்னொன்று வந்தது. ஆபரேஷனுக்குச் சம்மதித்த 169 பேரில் ஒரு பகுதியினருக்கு ஆபரேஷன், மற்றவர்களுக்குப் பயிற்சி. இரண்டு வருஷத்தில் இரு பிரிவும் ஏறக்குறைய சமம். ஆனால் பயிற்சிப் பிரிவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நடுவில் தாங்களாகவே ஆபரேஷனுக்கு மாறிவிட்டார்கள். பயிற்சியை ஒழுங்காகச் செய்து பார்ப்பது நஷ்டம் இல்லை. மூன்று நான்கு மாதம் பார்த்தும் கம்பக் கணக்கு குறைந்துகொண்டே வந்தால், கத்திக்குப் பயந்து வீட்டுக்குள் முடங்குவதும் சரியில்லை. அவசரம் இல்லாத நோய் என்பதால் அறுவடை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரைக் கேட்பதில் தப்பே இல்லை.

ஒன்றை மட்டும் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். இந்த ஆபரேஷன் முக்கியமாகக் கால் வலிக்கும் நடைக்கும்தான். பழைய இடுப்பு வலி முழுதும் போகும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம் வரும். பல மாதமாக மரத்துக் கிடந்த பாதத்தில் உணர்ச்சி திரும்ப நாளாகும், சிலருக்கு முழுதாகத் திரும்பாது.

உள்ளே என்ன செய்கிறார்கள்?

பெரும்பாலும் மயக்கம் கொடுத்துக் குப்புறப் படுக்கவைப்பார்கள். இடுப்பின் நடுவில் சில அங்குலம் கீறி, தசையை ஒதுக்கி, கால்வாயின் பின்கூரையான எலும்பு ஓட்டையும் தடித்த மஞ்சள் தசைநாரையும் எடுத்துவிடுவார்கள். வாய்க்காலில் தூர் எடுப்பது போலத்தான். நரம்பை வெட்டுவதில்லை. கூரையை எடுத்தால் முதுகு உடைந்துவிடாதா என்று கேட்பார்கள். பாரம் தாங்குவது முன்பக்கத்து எலும்புக் கட்டைதான், பின் ஓடு அல்ல.

தசையை அதிகம் பிரிக்காமல் செய்யும் வழிகளும் உண்டு. முதுகில் விரலால் தொட்டால் தெரியும் முள் எலும்பை நெடுக்காகப் பிளந்து உள்ளே போகும் முறை ஜப்பானில் தொடங்கியது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரனும் கூட்டாளிகளும் 51 நோயாளிகளை வைத்து அதையும் பழைய முறையையும் ஒப்பிட்டு 2013-ல் வெளியிட்டார்கள். பலன் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. ஆகவே "புது முறை", "சின்னத் துளை" என்று விளம்பரம் பார்த்துக் கடன் வாங்கி ஓட வேண்டாம். பழகிய கை முக்கியம்.

அதே போல ஸ்க்ரூ. எலும்பு நழுவி ஆடிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூவும் கம்பியும் போட்டு இணைக்க நேரும். எல்லாருக்கும் வேண்டியதில்லை. சுவீடனில் 247 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2016-ல் வந்தது. அடைப்பை மட்டும் எடுத்தவர்களும், எடுத்து எலும்பை இணைத்தவர்களும் பலனில் வித்தியாசப்படவில்லை. இணைப்பதில் நேரமும் இரத்தச் சேதமும் செலவும் அதிகம். "எனக்கு ஸ்க்ரூ வேணுமா டாக்டர், எதுக்கு?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் படத்தைக் காட்டிச் சொல்வார்.

ஆபத்தே இல்லையா? உண்டு. நரம்பைச் சுற்றியுள்ள நீர்ப்பையில் கிழிசல் விழலாம். மேலே சொன்ன அமெரிக்க ஆராய்ச்சியில் 100-க்கு 9 பேருக்கு அது நேர்ந்தது. அங்கேயே தைத்துவிடுவார்கள், ஒன்றிரண்டு நாள் அதிகம் படுக்க நேரும். புண் சீழ்ப் பிடிப்பது, காலில் இரத்தம் உறைவது, நரம்பு பாதிப்பது ஆகியவை அதைவிடக் குறைவு. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா இருந்தாலும், இதயத்துக்காக இரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிட்டாலும் ஒன்று விடாமல் சொல்லுங்கள். பீடி பிடிப்பவர்கள் சில வாரம் முன்பே நிறுத்துங்கள். பீடிப் புகை புண்ணையும் ஆறவிடாது, இணைத்த எலும்பையும் கூடவிடாது.

எழுந்து நடக்கும் நாள்

"முதுகு ஆபரேஷன், மூணு மாசம் படுக்கை" என்பது பழைய பேச்சு. இன்று அதே நாள் மாலையோ மறுநாளோ நர்ஸ் அம்மா எழுப்பி நிற்கவைப்பார். நடந்தால்தான் காலில் இரத்தம் உறையாது, நெஞ்சில் சளி கட்டாது. படுத்திருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள். எழும்போது நேராக எழக் கூடாது. பனங்கட்டை உருள்வது போல உடம்பு முழுவதும் ஒரே பக்கம் உருண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். கால் வலி சிலருக்கு மயக்கம் தெளிந்ததுமே போய்விடும். புண் வலி இரண்டு வாரம் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சில நாளில் வீட்டுக்கு அனுப்புவார்கள். தையல் பிரிப்பது பெரும்பாலும் 10 முதல் 14 நாளில். அதுவரை புண்ணில் தண்ணீர் படக் கூடாது. மஞ்சள், சாம்பல், பச்சிலை எதுவும் வைக்கக் கூடாது. காய்ச்சல், புண்ணில் சிவப்பு அல்லது சீழ், எழுந்து உட்கார்ந்தால் மண்டையைப் பிளக்கும் தலைவலியோடு புண்ணிலிருந்து தெளிந்த நீர் கசிவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், இவற்றுக்குத் தையல் பிரிக்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

வீட்டை முன்கூட்டியே சரி செய்யுங்கள். தரையில் பாய் வேண்டாம். தரையிலிருந்து எழுவதுதான் முதுகுக்குக் கஷ்டம். தொய்ந்த கயிற்றுக் கட்டிலும் வேண்டாம். மரக் கட்டிலோ பெஞ்சோ, அதன்மேல் கெட்டியான மெத்தை. குந்திப் போகும் கக்கூஸ் ஆறு வாரத்துக்கு ஆகாது. நடுவில் ஓட்டை போட்ட நாற்காலியைக் கக்கூஸ்மேல் வைத்துக்கொள்ளலாம். மலச்சிக்கல் முக்கவைக்கும், முக்கினால் புண் இழுக்கும். ஆகவே கீரை, வாழைப்பழம், நிறையத் தண்ணீர்.

சாப்பாட்டில் நம்மவர்கள் செய்யும் தவறு பத்தியம். ரொட்டியும் ரசமும் கொடுத்தே பத்து நாள் ஓட்டுவார்கள். புண் ஆறச் சத்து வேண்டும். முட்டை, பருப்பு, பால், மத்தி, நெத்திலி எல்லாம் கொடுங்கள். மீன் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்பது உண்மை அல்ல. சாராயக் கடையும் பிராந்திக் கடையும் கைக்கெட்டும் ஊர் நம்முடையது. வலி மாத்திரையோடு குடி சேர்ந்தால் ஈரலும் கெடும், தள்ளாடி விழுந்தால் ஆபரேஷனும் கெடும்.

ஆறு வாரத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது. இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் எதுவும் பாரம்தான். ஒரு பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடித்தால் அதுவே 15 கிலோ. ஆபரேஷன் மனைவிக்கு என்றால் அந்தக் குடம் கணவர் கைக்கு வர வேண்டும். "பொண்டாட்டிக்குத் தண்ணி தூக்குறான்" என்று தெருவில் நாலு பேர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். துணி பிழிவது, மாவு அரைப்பது, பேரப்பிள்ளையைத் தூக்குவது, மாட்டுக்குத் தழை கட்டுவது எல்லாம் இதில் சேரும். நாங்கள் பார்த்த வரையில் ஆண்களுக்கு ஆபரேஷன் ஆனால் அவர் ஓய்வெடுக்கிறார். பெண்ணுக்கு ஆனால் பத்தாம் நாள் அடுப்படியில் நிற்கிறார். உடம்பு இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

நடை மட்டும் நிறுத்தக் கூடாது. முதல் வாரம் வீட்டுக்குள் ஐந்து நிமிஷம், நாளைக்கு நாலைந்து தடவை. பிறகு தெருவில் ஒரு கம்பம், இரண்டு கம்பம் என்று கூட்டுங்கள். பழைய கணக்குச் சீட்டை எடுத்துப் பக்கத்திலேயே எழுதிவாருங்கள். ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும், அதற்காக மனம் விட வேண்டாம். மொபெட்டின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து மேடு பள்ளத்தில் போவதை டாக்டர் சொல்லும் வரை தள்ளிவையுங்கள். பஸ்ஸில் போக நேர்ந்தால் கடைசி இருக்கை வேண்டாம், அங்கேதான் தூக்கிப் போடும்.

தாம்பத்தியம் பற்றிக் கேட்க எல்லாரும் கூச்சப்படுகிறார்கள். புண் நன்றாக ஆறி, பயமில்லாமல் நடக்க முடிந்தபின், பொதுவாக நாலு முதல் ஆறு வாரத்தில் தடை இல்லை. இணைப்பு ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆபரேஷன் ஆனவர் இடுப்புக்கு வேலை கொடுக்காமல் மல்லாந்தோ ஒருக்களித்தோ இருப்பது நல்லது, வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மனைவி இன்னும் கருத்தரிக்கும் வயதில் இருந்தால், முதுகு தேறும் வரை கர்ப்பம் தள்ளிப்போவதே நல்லது. அதற்கு என்ன முறை என்று ஊர் நர்ஸிடமே கேட்கலாம்.

கடை, தையல் போல உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஆறு வாரத்தில் போகலாம். வயல் வேலை, மூட்டை தூக்குவது, மீன்கூடை சுமப்பது போன்றவற்றுக்கு மூன்று மாதம் அல்லது அதற்கு மேல் ஆகும், இணைப்பு ஆனவர்களுக்கு இன்னும் கூடும். சிலர் பழைய பாரத்துக்குத் திரும்பவே முடியாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கூடையைத் தலையில் சுமந்தவர் சந்தையில் இடம் பிடித்து உட்கார்ந்து விற்பது போல, வேலையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம்.

அமெரிக்க ஆராய்ச்சியில் எட்டு வருஷத்துக்குள் 100-க்கு 18 பேருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது. தூர் எடுத்த வாய்க்காலுக்குப் பக்கத்திலும் மண் சரியலாம் அல்லவா? மீண்டும் கம்பக் கணக்கு குறையத் தொடங்கினால் பழைய எம்.ஆர்.ஐ. படமும், ஆபரேஷன் விவரம் எழுதிக் கொடுத்த காகிதமும் டாக்டருக்கு வேண்டும். படத்தை மடிக்காமல் உறையோடு, காகிதத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ரேஷன் அட்டையும் காப்பீட்டு அட்டையும் வைக்கும் பெட்டியிலேயே வையுங்கள். எங்கே வைத்தீர்கள் என்பது வீட்டில் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கட்டும்.